வண்டி வராத சாலையில் இரண்டு சம்பந்திகள்

கார்த்தி, நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் வாயைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நானும் நலம். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்காதே. இதை நான் வாயால் சொல்லத் தொடங்கினால் நீ முதலில் சிரிப்பாய், பிறகு கோபப்படுவாய், அதற்குள் உன் அப்பா வந்து தன் பங்குக்கு வேறு ஒரு கதையை ஆரம்பித்துவிடுவார். தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு நீயும் தமிழரசியும் பம்பாய்ச் செம்பூரை விட்டு இகத்புரி மலைப் பக்கம் குடிபோகிறீர்கள். போவதற்கு முன் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அணைக்குப் பின்னால் இருக்கும் மலைப்பாதையில் சைக்கிள் விட நம் இரண்டு குடும்பங்களையும் அழைத்துப் போனாயே, அன்றைக்கு நானும் அரசியின் அம்மாவும் காணாமல் போனோம். எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்று நீ எத்தனையோ தடவை கேட்டுவிட்டாய். வழி தப்பிவிட்டது என்று இருவரும் ஒரே மாதிரி பதில் சொன்னோம். அது பொய் இல்லை. ஆனால் நடந்தது அது மட்டும் இல்லை.

வண்டி வராத பாதைகள் மேல் உனக்கு எப்போது பைத்தியம் பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூட வயதிலேயே அறிகுறி தெரிந்துவிட்டது. மாட்டுங்காவில் உன்னைக் கணக்கு டியூஷனில் சேர்த்திருந்தோம். லாரியே வராத வழி ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஒருநாள் சைக்கிளில் கிளம்பினாய். மாட்டுங்கா நமக்கு ஒரு பக்கம். நீ புறப்பட்டதோ நேர் எதிர்ப்பக்கம், தேவ்நாரை நோக்கி. ஒரு மதில் ஓரமாகப் போய், இரண்டு சால் குடியிருப்புகளுக்கு நடுவே புகுந்து, யார் வீட்டுத் துணிக்கொடிக்கோ கீழே குனிந்து, ஊரையே ஒரு பிரதட்சிணம் வந்து நீ மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளை அடைந்தபோது, வாத்தியார் வகுப்பை முடித்து, கதவைப் பூட்டி, காப்பி குடிக்கப் போய்விட்டிருந்தார். வீட்டுக்கு வந்து, ஆனால் ஒரு லாரிகூட வரவில்லை என்று பெருமையாகச் சொன்னாய். அடிக்கக் கையை ஓங்கினேன். சிரிப்பு வந்துவிட்டதால் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். அன்றைக்கு ஒன்று வைத்திருந்தால் இன்றைக்கு நீ ஒரு பாங்கில் கிளை மேனேஜராக இருந்திருப்பாய் என்று உன் அப்பா இப்போதும் சொல்கிறார்.

பாங்கில்தான் இருந்தாய். அதை விட்டுவிட்டு, மலைக்கிராமங்களில் வண்டி வராத சாலைகளாகத் தேடிப் பிடித்து, ஊர்க்காரர்களைச் சைக்கிளில் அழைத்துப் போவதுதான் இனி உன் தொழில் என்று நீ அறிவித்தபோது, உன் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்து வைத்து நான் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவை, நீ பிறந்த அன்று. அதற்குப் பிறகு நம் வீட்டில் பேச்சே மாறிவிட்டது. மற்ற வீடுகளில் எங்காவது சாலை சரிந்தது என்று செய்தி வந்தால் உச்சுக் கொட்டுவார்கள். நீ துள்ளிக் குதிப்பாய். மழையில் ஒரு வளைவு பெயர்ந்து விழுந்துவிட்டது அம்மா, இனி கார் போக முடியாது, சைக்கிளை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம் என்று, யாருக்கோ குழந்தை பிறந்ததுபோல் சொல்வாய். புது நெடுஞ்சாலை போட்டதும் கைவிடப்பட்ட, காட் ரோடு என்கிற பழைய மலைச்சாலை, கால்வாய் ஓரத்து மண்பாதை, அணை கட்டியவர்கள் போட்டுவிட்டு மறந்துபோன ரஸ்தா, இவற்றையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அப்பள டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் மலைகளாக வைத்து எனக்கு விளக்குவாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரை ஆய்வேன்.

முழங்காலை உடைத்துக்கொண்டு நீ பிசியோதெரபிக்குப் போனதும், அங்கே அரசி உன் காலை முறுக்கி அழவைத்ததும், முழங்கால் சரியான பிறகும் நீ போய்க்கொண்டே இருந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் என்று நீ சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். இரண்டு வீட்டாரும் பெயருக்கு ஒருமுறை சந்தித்தோம், பிஸ்கெட் சாப்பிட்டோம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படியே போனால் சரிப்படாது என்றுதான், எல்லோரும் ஒருநாள் மலைக்குப் போய் வரலாம், வண்டித் தொல்லையே இல்லாத பாதை, வயதானவர்கள்கூட நிம்மதியாக ஓட்டலாம் என்று நீ ஏற்பாடு செய்தாய். நான் உடனே சரி என்றதும் நீ என்னைக் கட்டிக்கொண்டாய். நான் எதற்குச் சரி என்றேன் தெரியுமா? அரசியின் அம்மாவைத் தனியாகப் பிடித்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடத் தோதான இடம் வேண்டியிருந்தது. செம்பூர் வீட்டில் உன் அப்பா இருப்பார். தாராவிப் பட்டறையில் மெஷின் ஓடும். மலைதான் வசதி என்று பட்டது.

அங்கே போனதும் நீ செய்த காரியம் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. இரண்டு அப்பாக்களும் சைக்கிளைத் தொட மாட்டோம் என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அரசியின் அம்மா இசக்கியம்மாளுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. எனக்கோ பாவாடை தாவணிக் காலத்தில் மாட்டுங்காவில் விட்டுப் பழக்கம். நீ ஒரு இரட்டைச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாய். முன்னால் நான், பின்னால் அவர். ஹேண்டில், பிரேக், மணி எல்லாம் எனக்கு; அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, மிதிக்க இரண்டு பெடல், பார்க்க என் முதுகு. அரசியின் சல்வாரை அவர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். துப்பட்டா சக்கரத்தில் மாட்டும், இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள் என்று நீ அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாய். மரத்தில் எங்கே மஞ்சள் துணி கட்டியிருக்கிறதோ அங்கே திரும்ப வேண்டும் என்று எங்கள் இருவரிடமும் சொன்னாய். பிறகு நீயும் அரசியும் மெதுவாகத்தான் போவோம் என்று சொல்லிவிட்டு, இரண்டு முயல்களைப்போல் வளைவில் மறைந்தீர்கள்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு கையை விட்டு, விரலால் காதைக் குடைந்தேன். காதில் ஒன்றுமில்லை. சத்தம்தான் இல்லை. ஹாரன் இல்லை, லாரி இல்லை, ரிவர்ஸ் எடுக்கும் காரின் பாட்டு இல்லை. ஒரு பக்கம் மஞ்சள் பூ பூத்த சரிவு, மறுபக்கம் கீழே தண்ணீர், நடுவில் புல் முளைத்த தார் ரோடு. பிறந்ததிலிருந்து பம்பாயில் இருக்கும் எனக்கு அது பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு ஒன்று. எனக்கு வேலை செய்துகொண்டே முணுமுணுக்கும் பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது. வாசலில் ஓடும் ஹைவேயின் இரைச்சல் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். நானும் உன் அப்பாவும் இத்தனை வருஷம் ஒற்றுமையாகக் குடித்தனம் செய்ததில் பாதிப் பெருமை அந்த ஹைவேக்குத்தான். அந்த மலையில் மேடு வந்தபோது மூச்சு வாங்கியது. பின்னால் இருக்கிறவர் மிதிக்கிறாரா, இல்லை காலை மட்டும் சுற்றவிட்டுக்கொண்டு ராணி மாதிரி வருகிறாரா என்று வழக்கம்போல் எனக்குள் முணுமுணுத்தேன். உடனே முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மிதிச்சிக்கிட்டுதான் வாரேன் மேடம். நீங்க பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே மிதிச்சா வண்டி எப்படிப் போவும்?"

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தன. கையை விட்டதும் சைக்கிள் சட்டென்று முன்னால் பாய்ந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவமானம் வந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். என்னவோ சொன்னேன். அவரும் என்னவோ சொன்னார். பிஸ்கெட் சாப்பிட்ட அன்றைக்கு நான் அவர் புடவையை ஏற இறங்கப் பார்த்தேனாம். எங்கள் வீட்டுக் காப்பியை அவர் பாதிக்கு மேல் குடிக்காமல் வைத்தாரே என்றேன். இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, காலால் ஒத்துழைத்துக்கொண்டு வாயால் சண்டை போட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்தச் சமயத்தில்தான் அவர் திடீரென்று, "துணி! துணி!" என்றார். துப்பட்டா சக்கரத்தில் மாட்டிக்கொண்டது என்று நான் நினைத்தேன். இழுத்துச் செருகிக்கோங்கோ என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, இன்னும் வேகமாக மிதித்தேன். உன் மஞ்சள் துணியை நாங்கள் அப்படித்தான் தாண்டினோம், கார்த்தி. மரத்தின் மேல் பழியைப் போட்டு, அடுத்த தடவை பெரிய துணியாகக் கட்டுகிறேன் என்று நீ வருத்தப்பட்டாயே, துணி போதுமான அளவில்தான் இருந்தது.

அதற்கு அப்புறம் ஒரு இறக்கம் வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாலை சரசரவென்று கீழே ஓடியது. மிதிக்க வேண்டியதே இல்லை. காற்று முகத்தில் அடித்தது, கண்ணில் நீர் வந்தது. இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டோம். பின்னால் அவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. பயத்தில் கத்துகிறார் என்று முதலில் நினைத்தேன். எதிரில் ஒரு வண்டியும் வராது என்று நீ சத்தியம் செய்திருந்ததால் நான் பிரேக்கைத் தொடவே இல்லை. என் வயதில் இப்படி ஒரு வேகத்தில் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். கடைசியில் ஒரு ஓடைக் கரையில் சாலை மண்ணாகி, மண் சேறாகி, சைக்கிள் தானாகவே நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் மெதுவாக, ரொம்பக் கௌரவமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தோம்.

அடி ஒன்றும் இல்லை. எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே ஓடை, அதற்கு அப்பால் வயல். வந்த வழி மலைமேல் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இறங்கும்போது அவ்வளவு சுகமாக இருந்த சாலை, கீழிருந்து பார்த்தால் சுவர் மாதிரி இருந்தது. போனை எடுத்தோம், இரண்டு போனிலும் டவர் இல்லை. சரி, ஏதாவது வண்டி வந்தால் கையைக் காட்டி ஏறிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். நானும் சரி என்று சாலையோரச் சிறுபாலத்தின் கட்டையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வண்டி வராத பாதையாகத் தேடித் தேடி நீ எங்களை அழைத்து வந்திருக்கிறாய். இதில் எந்த வண்டி வரும்? அவரிடம் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். உன் தொழிலை நாங்கள் இருவரும் சேர்ந்து சபித்தது அப்போதுதான். ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

இதைவிடத் தனி இடம் கிடைக்காது, சொல்லிவிடலாம் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். வரும்போது ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மேடம், ஒரு விசயம் சொல்லணும். தப்பா எடுத்துக்கிடாதிய. இதைச் சொல்லத்தான் நான் இன்னைக்கு வந்ததே. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

நியாயப்படி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடனமாடியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம், அவர்கள் கேட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் உண்டு என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. கார்த்தி, உன் அம்மா அப்படிப்பட்டவளா என்று நீ நினைப்பாய். அப்படிப்பட்டவளாகத்தான் அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன்.

"என் பிள்ளைக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டேன்.

"கொறைன்னு சொல்லல. ஆம்பளப் பிள்ளைக்குத் தொழில்னு ஒண்ணு வேணும்லா. கேட்டா ரோடு தேடுதேங்காரு. அதுவும் ஒருத்தனும் போவாத ரோடு. நாட்டுல உள்ளவன் எல்லாம் எங்க ஊருக்கு பஸ் விடுன்னு மறியல் பண்ணுதான். இவரு பஸ் போவாத ரோட்டைத் தேடி அலையுதாரு."

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானே இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வேறு ஒருவர் வாயால் கேட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பேச ஆரம்பித்தேன். மலைமேல் காட் ரோடு எப்படிக் கைவிடப்படுகிறது, கால்வாய் ஓரத்துப் பாதை ஏன் மேடு பள்ளம் இல்லாமல் சீராகப் போகும், எந்தச் சரிவில் எந்த வயதுக்காரர் மூச்சு வாங்காமல் ஏறலாம், லாரி பயத்தால் சைக்கிளைத் தொடாத பெண்கள் அந்தச் சாலையில் எப்படித் தைரியமாக ஓட்டிப் பழகுகிறார்கள், அவர்கள் தங்குகிற கிராமத்து வீடுகளுக்கு அதனால் எப்படி வரும்படி வருகிறது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீ அப்பள டப்பாவை வைத்து விளக்கியதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டுவைத்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தாயே, அந்தக் கீரையில் பாதி புழுவோடுதான் குழம்பில் போயிற்று.

அவர் எல்லாம் கேட்டுவிட்டு, சரி, நீங்கள் எதற்கு இவ்வளவு படபடக்கிறீர்கள், நீங்கள் சொல்ல வந்தது என்ன என்றார். நானும் அதே விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அவ்வளவுதான். இப்போது அவர் முகம் சிவந்தது. எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன கொறை என்று எழுந்து நின்றார். கீழே பட்டறை, மேலே ஒரு பரண். அந்தப் பரணில் தோல் வாடைக்கும் தையல் மெஷின் இரைச்சலுக்கும் நடுவே படித்து அரசி மேலே வந்தது, காலேஜ் போன காலத்திலும் காலையில் பைக்கு வார் மாட்டிக் கொடுத்துவிட்டு ஓடியது, இதையெல்லாம் ஓடைக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார். தயிர்சாதம் சாப்பிடுகிற வீட்டில் என் பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயந்துதான் வேண்டாம் என்றேன், அவளுக்குக் குறை இருப்பதால் இல்லை என்றார்.

"அவளை யாரு ஓரமா உட்கார வைக்கிறது?" என்றேன் நான். "எனக்கு முட்டி வலின்னதும் வீடு தேடி வந்து, தினமும் காலை நீட்டி மடக்கச் சொல்லி என்னை அதட்டினவ அவ ஒருத்திதான். இத்தனை வருஷத்துல என்னை அதட்ட எங்காத்துல யாருக்கும் தைரியம் வந்ததில்ல. அவ அதட்டினதாலதான் இன்னைக்கு இந்தச் சனியனை மிதிச்சேன்."

அவர் பதிலுக்கு உன்னைப் பற்றிச் சொன்னார். சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கத் தோல் துண்டு கேட்டு நீ பட்டறைக்குப் போன அன்று, அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை தைக்கக் கற்றுக்கொண்டாயாமே. அவர் யாரோடும் நாலு வார்த்தை பேசாத மனிதராம். நீ போன பிறகு, இந்தப் பய நாளைக்கும் வருவானா என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு இசக்கியம்மாள் மறுபடி கட்டையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அப்படியானால் நீங்கள் எதற்கு வேண்டாம் என்கிறீர்கள் என்று நான் கேட்டேன். நீங்கள் எதற்கு வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர் கேட்டார். இருந்த பதிலையெல்லாம் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசித் தீர்த்துவிட்டோம்.

அந்த நேரத்தில் ஓடையில் எருமைகளைக் குளிப்பாட்டிவிட்டு ஒரு மராட்டிப் பெண்மணி மேலே வந்தார். சேற்றில் கிடந்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு சீட்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் உடம்பைப் பார்த்து, மிகவும் இரக்கத்தோடு, ஏன் அக்கா, ஆளுக்கு ஒரு சைக்கிள் வாங்க வசதியில்லையா என்று கேட்டார். நான் ஆபீஸில் வேலை பார்த்த நாளில் கற்றுவைத்திருந்த மராட்டியில் விளக்க முயன்றேன். இசக்கியம்மாள் என்னைத் தடுத்து, சரளமான மராட்டியில், வசதியில்லைதான் தாயி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், செலவு ஜாஸ்தி என்றார். கல்யாணம் வைத்திருக்கிறோம் என்ற அந்த வார்த்தை அப்படித்தான் வந்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெண்மணி தன் துணி மூட்டையை அவிழ்த்து, பாக்ரி ரொட்டியும் பச்சை மிளகாய்த் துவையலான தேச்சாவும் கொடுத்தார். கண்ணில் நீர் வழிய இருவரும் சாப்பிட்டோம். தேச்சா காரம்தான், வேறொன்றும் இல்லை என்று நான் சொன்னேன். ஆமா, காரம்தான் என்று அவரும் சொன்னார்.

எருமைகள் போகும் குறுக்குப் பாதை ஒன்று உண்டு, சாலை மாதிரி செங்குத்தாக இருக்காது என்று அந்தப் பெண்மணி எங்களை அழைத்துக்கொண்டு போனார். முன்னால் எருமைகள், நடுவில் அவர், கடைசியில் அந்த நீளச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாங்கள். அந்த ஏற்றத்தில்தான் உன் கல்யாணத்தின் பெரிய பஞ்சாயத்துகள் எல்லாம் முடிந்தன. தாலி கட்டுவது மாட்டுங்காவில், மறுநாள் தாராவியில் பிரியாணி. நான் பிரியாணிக்கு வருவேன், எனக்கு என் தயிர்சாதத்தைப் போட்டால் போதும், முகத்தைச் சுளிக்க மாட்டேன் என்றேன். சுளித்தால் என்ன செய்வது என்று இசக்கியம்மாள் கேட்டார். சுளித்தால் நீங்கள் எங்கள் காப்பியை மறுபடி பாதியில் வைத்துவிடுங்கள் என்றேன். பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டி நின்றபோது, பின்னாலிருந்து அவர் கை என் முதுகில் பட்டது.

"மெதுவாப் போவோம் மதினி. நமக்கு என்ன, பஸ்ஸா போயிரும்?" என்றார்.

மேடம் என்பது எந்த வளைவில் மதினி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

மேலே வந்து சேர்ந்தபோது நீ நின்ற கோலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தலைமுடியெல்லாம் இலை. காட்டுக்குள் எங்களைத் தேடியிருக்கிறாய். அரசி என் முட்டியைத்தான் முதலில் அமுக்கிப் பார்த்தாள். இரண்டு அப்பாக்களும் ஜீப்பில் நன்றாகத் தூங்கி எழுந்து, என்ன, அதற்குள் வந்துவிட்டீர்களா என்றார்கள். சேறும் சகதியுமாக நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, உன் திட்டம் பலித்துவிட்டது என்று நீ நினைத்தாய். இயற்கையின் அமைதி மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று அன்றைக்கு ஜீப்பில் ஒரு பிரசங்கம்கூடச் செய்தாய். நாங்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இப்போது புத்திமதி. கல்யாணப் பிள்ளைக்குக் கடிதம் எழுதிவிட்டு அது இல்லாமல் முடித்தால் என் மனசு ஆறாது. நீங்கள் குடிபோகிற வீட்டைப் பார்த்தேன். வாசலில் நின்றால் பக்கத்து மலையில் மாடு அசைபோடுவது கேட்கும் போலிருக்கிறது. அங்கே உங்கள் குடித்தனத்துக்கு ஹைவேயின் உதவி கிடையாது. சொன்ன சொல் சொன்னபடியே போய் விழும். அதனால் முணுமுணுக்காதே. கோபம் இருந்தால் எதிரே நின்று சொல். சண்டை போட்டே தீர வேண்டுமென்றால் எளிதில் திரும்பி வர முடியாத ஓர் இறக்கத்தின் அடியில் போய்ப் போடுங்கள், அங்கிருந்து மேலே ஏறுவதற்குள் பாதி சரியாகிவிடும். அரசி களைத்திருக்கும்போது நீ முன்னால் போய் வளைவில் மறைந்து நின்று, எங்கே காணோம் என்று கத்தாதே. பாங்கு வேலையை விட்டதற்காக நான் உன்னோடு பேசாமல் இருந்த நாட்கள் வீண். அவற்றை உனக்குத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. உன் சாலைகள் நல்ல சாலைகள் என்று மட்டும் இப்போது எழுத்தில் எழுதித் தருகிறேன், அப்பாவிடம் காட்டிக்கொள்ளலாம்.

இதை நீ படிக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம், தமிழ் உனக்குக் கடைப் பலகை அளவுக்குத்தான் வரும். கவரைப் பிரித்து, முதல் வரியில் 'கார்த்தி' என்பதை எழுத்துக் கூட்டிவிட்டு, தாராவியில் தமிழ்ப் பள்ளியில் படித்த அரசியிடம் கொடுத்திருப்பாய். அவள் உரக்கப் படிக்க, நீ காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய். அதனால் அரசி, இனி வருவதைச் சத்தம் போட்டுப் படிக்காதே. அந்த ஓடைக்கரையில் உன் அம்மா உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நின்றபோது, இந்தப் பெண் நம் வீட்டுக்கு வராமல் போய்விடுவாளோ என்று எனக்குத் திக்கென்றது. நானே கலைக்க வந்த கல்யாணம் அது. அதை உன்னிடம் சொல்லாமல் உன்னை வீட்டுக்குள் அழைக்கக் கூடாது என்று பட்டது, சொல்லிவிட்டேன். இன்னொன்றும் தெரிந்துகொள். தனக்குச் சமைக்கத் தெரியாது என்று இவன் உன்னிடம் சொல்லியிருப்பான். சுத்தப் பொய். ரசம், பொரிச்ச கூட்டு, வத்தக்குழம்பு எல்லாம் என்னைவிட நன்றாக வைப்பான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டை நடத்தியவன் இவன்தான். பாத்திரம் தேய்த்தால் கையில் அரிப்பு வரும் என்பதும் பொய். ஏமாந்துபோகாதே. நீ சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்பான். நூறு வருஷம் நன்றாக இருங்கள் என்று ஆசீர்வாதம் எழுதி முடித்திருக்கிறாள் என்று சொல்லிவிடு.